கிறவல் றோட்டு மின்சாரம்

பழைய இரும்பு வாங்கித் திரிகிறவனுக்குச் சைக்கிளும் உரப்பையும் மட்டும் போதாது. ஒரு காந்தமும் வேண்டும். பித்தளை என்று சொல்லித் தருவது முலாம் பூசிய இரும்பா இல்லையா என்று அதுதான் சொல்லும். என்னுடைய காந்தம் பழைய கம்பியூட்டர் ஒன்றின் வயிற்றிலிருந்து கழற்றியது. சின்னதுதான், ஆனால் சைக்கிள் சட்டத்தில் ஒட்டினால் நகத்தைக் கொடுத்துக் கிளப்பித்தான் எடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு கனகராயன்குளம் தொடக்கம் முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் வீடு வீடாகத் திரிந்திருக்கிறேன். சேர்த்ததை நெளுக்குளத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக்கடையில் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நான் நிற்பாட்டவில்லை. பள்ளிக்கூடம் ஒரு மரத்துக்குக் கீழே போனது, பிறகு வேறொரு மரத்துக்குக் கீழே போனது, பிறகு எந்த மரத்துக்குக் கீழே என்று தெரியாமல் போனது. அதற்குப் பிறகு ஹோட்டலில் கோப்பை கழுவினேன், கிணறு இறைத்தேன், சீமெந்துக் கல் அரிந்தேன். எதிலும் நிலைக்கவில்லை. ஓரிடத்தில் மூன்று மழைக்கு மேல் இருந்தால் எனக்குப் பித்துப் பிடித்துவிடும். இரும்பு வியாபாரம் மட்டும் சரிவந்தது, அதற்கு அலைவதுதான் வேலை.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில் நான் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு காட்டோர ஊரில் தங்கியிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய வீடு. வீட்டுக்காரர் என் இரும்புப் பைகளைப் பார்த்துவிட்டு, "உதை நனையவிடாதை, பத்திக்குள்ளை வை" என்றார். பையை வைத்தேன். மழை விடவில்லை. வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கிய அந்தப் பத்தியிலேயே நானும் படுத்துக்கொண்டேன். மழை விட்ட பிறகும் யாரும் போ என்று சொல்லவில்லை. அவரை அண்ணை என்றும் அவருடைய மனுசியை அக்கா என்றும் கூப்பிட்டேன். அவர்களுக்கு ஒரே மகள். வவுனியாவில் தையல் தொழிற்சாலையில் வேலை, கிழமைக்கு ஒருமுறை போனில் கதைப்பாள்.

அண்ணைக்கு மீன் வியாபாரம். முல்லைத்தீவிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் மீன்பெட்டி வந்து சந்தியில் இறங்கும். அதை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கிற ஊர்களுக்குப் போய் விற்பார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். கடைசிச் சண்டையில் பட்ட செல் துண்டு ஒன்று நாரிக்குள், இடுப்பின் பின்பக்கத்தில், இருந்தது. கச்சான் கடலைப் பருப்பளவுதான். எக்ஸ்ரே படத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், வெள்ளையாக, ஒரு பக்கம் கூராக இருந்தது. எடுக்கப் போனால் கால் இரண்டும் போகலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அது அசையாமல் அந்த இடத்திலேயே இருக்கும் வரைக்கும் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். அசைந்தால் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கதையை அண்ணை பகிடியாகத்தான் சொல்லுவார். துண்டை வடிவாகப் பார்க்க வேண்டுமென்று எம்.ஆர்.ஐ. எடுக்கிற அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"கதவடியிலை ஒரு பிள்ளை நிண்டு கேட்டுது, 'ஐயா, உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ' எண்டு. 'அதுக்காகத்தானே பிள்ளை வந்தனான்' எண்டன். 'அப்ப உள்ளுக்கை வரக்கூடாது ஐயா, அது முழுக்கக் காந்தம், இழுத்துப்போடும்' எண்டுது. இரும்பு இல்லாத ஆக்களைத்தான் உள்ளுக்கை விடுவினமாம். இரும்பு இல்லாதவனுக்கு அங்கை என்ன வேலை எண்டு கேட்டுப்போட்டு வந்திட்டன்."

அக்கா அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

பெற்றோல் நின்றதும் அண்ணையின் மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்குள் போனது. அதன் இருக்கையில் கோழி ஏறி முட்டையிடத் தொடங்கியது. அண்ணை பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டார். மீனைச் சைக்கிளிலும் காவலாம், அது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை போன்தான். அந்த வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை, தூண் சந்தியோடு நின்றுவிட்டது. முன்பு போனை மோட்டார் சைக்கிள் பற்றறியில் ஏற்றுவார். வீட்டுக்கூரையில் இருந்த சோலர் தட்டைக் குரங்கு உடைத்துவிட்டது. சந்திக் கடையில் ஏற்றலாம் என்றால் அங்கேயும் பாதி நாள் கரண்ட் இல்லை. இருக்கிற நேரத்தில் ஊர் முழுக்க வந்து வயரைச் செருகிக்கொண்டு நிற்கும்.

போன் இல்லாவிட்டால் மீன் விற்க முடியாது என்பதல்ல. யானைக்குத்தான் போன் வேண்டும். விடியப்புறம் அந்தப் பாதையில் எங்கே யானை நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் போன் எடுத்துச் சொல்லுவார்கள். பால் கொண்டுபோகிறவர் சொல்லுவார், வயலில் காவல் இருந்துவிட்டு வருகிறவர் சொல்லுவார். போன் செத்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வராது. நீங்கள் நேரே போய் அதன் காலடியில்தான் பிரேக் பிடிப்பீர்கள்.

முதலில் டைனமோ போட்டுப் பார்த்தார். பற்றறி கிடைக்காத சண்டைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் இவர்கள். அந்த வேலை அண்ணைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சேறு பட்ட ரயரில் டைனமோ வழுக்கியது. வழுக்காத இடத்தில் சைக்கிளைப் பிடித்து இழுத்தது. பலமில்லாத காலோடு, ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு, அந்த இழுவையை மிதிக்க அவரால் ஏலவில்லை.

"உது என்ர காலைத் திண்டுதான் வெளிச்சம் தருது" என்று கழற்றி எறிந்தார்.

அன்றைக்கு மத்தியானம் அலுமாரிக்கு மேலே எதையோ தேடியபோது ஒரு டோர்ச் விழுந்தது. சண்டை முடிந்து முகாமில் இருந்த காலத்தில் யாரோ குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தது. பற்றறி கிடையாது, கையில் பிடித்துக் குலுக்கினால் எரியும். உள்ளே ஒரு காந்தம் கம்பிச் சுருளுக்குள்ளால் ஓடி ஓடி வரும், அதில்தான் மின்சாரம். அண்ணை அதைக் கொஞ்ச நேரம் குலுக்கிக்கொண்டே இருந்தார். அது எரியவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"தம்பி, என்னை இந்தக் கிறவல் றோட்டு ஒவ்வொரு நாளும் சும்மாதானே குலுக்குது. குலுக்கிறதுக்கு ஏதாவது தரட்டுமன்."

அதில் பகிடி இருந்தது, கோபமும் இருந்தது. அந்தப் பாதைக்குத் தார் போடுவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். சின்னக் கல், பெரிய கல், மழை அறுத்த வாய்க்கால், காய்ந்தால் சலவைப் பலகைபோல வரிவரியாகக் கிடக்கும் மண். அதில் மீன்பெட்டியோடு போய்வந்தால் பல்லெல்லாம் கழன்று வருவதுபோல இருக்கும்.

சாமானுக்கு நான் இருந்தேன். எரிந்த மின்விசிறி மோட்டாரிலிருந்து செப்புக் கம்பி எடுத்துக் கொடுத்தேன். வயர் போடுகிற வெள்ளைக் குழாயைச் சாண் அளவுக்கு வெட்டினார். அதன்மேல் கம்பியைச் சுற்றினார். நெருக்கமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். உள்ளே டோர்ச்சின் காந்தத்தைப் போட்டு, இரண்டு முனையிலும் பேனைக்குள் இருக்கிற ஸ்பிரிங் சுருள்களை வைத்து அடைத்தார். பள்ளத்தில் சைக்கிள் விழுந்தால் காந்தம் துள்ளும், சுருளில் பட்டுத் திரும்பும். பழைய பல்புத் தட்டிலிருந்து கழற்றிய டயோட்டுகளால் போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் ஒரே பக்கமாகத் திருப்பினார். கடைசியில் என் பைக்குள் கிடந்த உடைந்த பவர் பேங்க். அதன் பற்றறியில் கொஞ்சம் உயிர் இருந்தது.

குழாயை நிமிர்த்தி இருக்கைக்குப் பின்னால், மீன்பெட்டிக்கு முன்னால் கட்டினார். அதுதான் சைக்கிளில் அதிகம் குலுங்குகிற இடம் என்றார். அவருடைய நாரிக்கு நேரே இருந்தது.

முதல் நாள் ஒன்றும் ஏறவில்லை. சோதிக்கக் கட்டிய சிவப்புச் சின்ன லைற் மட்டும் பள்ளத்துக்குப் பள்ளம் கண் சிமிட்டியது. ஒரு குழாய் போதாது என்று விளங்கியது. அந்த டோர்ச் அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஒவ்வொன்று செத்துக் கிடந்தது, எல்லோரும் ஒரே முகாமிலிருந்து வந்தவர்கள். இரும்பு வாங்கப் போகிற வீடுகளில் அதையும் கேட்டேன். கேட்டால் சிரித்துக்கொண்டு தந்தார்கள். குழாய்கள் கூடின. சைக்கிளுக்குப் பின்னால் புல்லாங்குழல் கட்டுபோல நின்றன. ஓடும்போது டக்கு டக்கென்று சத்தம்.

ஒருநாள் வந்து இறங்கியதும் போனை அக்காவிடம் நீட்டினார்.

"பார். பற்றறியிலை கோடு ஒண்டு ஏறியிருக்கு."

"காலமை எத்தினை இருந்தது?"

"ஒண்டுமில்லை. செத்துக் கிடந்தது."

"அந்த ஒரு கோட்டுக்கு உங்கட நாரிக்கு நான் கட்டிவிட்ட இடுப்புப் பட்டியையும் அறுத்துக் குழாய் கட்டியிருக்கிறியள்" என்றார் அக்கா. ஆனால் போனை வாங்கி மகளுக்கு எடுத்தார். அன்றைக்கு மகள் வழக்கமாகக் கதைக்கிற நாள் இல்லை. கதைத்தார்கள்.

அவ்வளவுதான் அதன் பலன். ஒரு நாள் முழுக்கக் குலுங்கினால் ஒரு கோடு. ஆனால் ஒரு கோட்டுக்கு யானைச் செய்தி வரும், ஒரு கோட்டுக்கு மகள் வருவாள். ஊரில் பகிடி தொடங்கியது. "மின்சார சபை வருது, கணக்கு எழுத ஆக்கள் இல்லையோ" என்பார்கள். மீன் வாங்குகிற ஒரு அம்மா பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மீன் குழைஞ்சு கிடக்கு. கரண்ட் எடுத்த மீனைத்தான் எங்களுக்குத் தாறீரோ?" என்று கேட்டார். அண்ணை அதற்கு, "சதை இளகினால் கெதியா அவியும் அம்மா, விறகு மிச்சம்" என்றார்.

குலுக்கம் கூடினால் கோடு கூடும் என்று கண்ட பிறகு அண்ணையின் பாதை மாறியது. உள் ஊர்களுக்கு இரண்டு வழி. ஒன்று சுற்றிப் போகிற தார் றோட்டு. மற்றது குளக்கட்டோடு போகிற கிறவல் றோட்டு. முன்பு போகும்போது தாரிலும் வரும்போது கட்டாலும் வருவார். இப்போது இரண்டு தரமும் கட்டால். தார் றோட்டைப் பார்த்து, "உதிலை என்ன விளையும்?" என்பார். பள்ளத்தை விலத்தி ஓடுவதையும் விட்டுவிட்டார். நான் சில நாள் பின்னால் போயிருக்கிறேன். பள்ளம் இருக்கிற பக்கமாகவே கைபிடியைத் திருப்புவார்.

பிறகு நாரி பிடிக்கத் தொடங்கியது. முதலில் இறங்கும்போது மட்டும். பிறகு குனியும்போது. பிறகு படுத்தாலும். இடது காலில் எறும்பு ஊர்கிறது என்றார். அக்கா எண்ணெய் காய்ச்சிப் பூசினார், நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுத்தார். ஒரு பின்னேரம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர் கையை நிற்பாட்டினார்.

"இஞ்சருங்கோ, அந்தக் குழாயெல்லாம் காந்தம்தானே?"

"ஓம்."

"ஆஸ்பத்திரியிலை உங்களை ஏன் அந்த அறைக்குள்ளை விடேல்லை?"

அண்ணை தலையைத் திருப்பி வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

"காந்தம் துண்டை இழுத்துப்போடும் எண்டுதானே விடேல்லை? இஞ்சை அதைப் பத்துப் பன்னிரண்டாய் நாரிக்குப் பின்னாலை கட்டிக்கொண்டு ஓடுறியள்."

"அது வீடளவு காந்தமப்பா. இது சுண்டங்காய்."

"அது ஒருக்கா. இது ஒவ்வொரு நாளும்."

எனக்கு அந்த நியாயம் சரியாகப் பட்டது. அண்ணைக்கும் பட்டது. முகத்தில் தெரிந்தது.

மற்ற நாள் சந்திக் கடைக்கு அக்காவே கதையைக் கொண்டுபோய்விட்டார். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உன்ர காந்தத்தைக் கொண்டா, பாப்பம்" என்றார். அவருக்கு முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் துண்டு இருந்தது. தோலுக்கு அடியில் கறுப்பாகத் தெரியும். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். தோல் மெல்லக் கிளம்பி வந்து ஒட்டியது. கையை எடுத்தேன். காந்தம் விழவில்லை.

கடையில் நின்ற எல்லோரும் கையை நீட்டினார்கள்.

அந்த மத்தியானம் நான் இரும்பு வாங்கவில்லை. ஆட்களுக்குக் காந்தம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினார். ஒருவர் காலைத் தூக்கி வாங்கில் வைத்தார். பால் கொண்டு வந்த ஒரு கிழவருக்குத் தோளில் துப்பாக்கிச் சன்னம், அது இழுக்கவே இல்லை. "எனக்கு மட்டும் ஏன் ஒட்டுதில்லை?" என்று கேட்டார்.

"உமக்குப் பட்டது செப்பாக்கும். இரும்பைவிட விலை கூட" என்றார் கடைக்காரர். "தம்பி, இவரைக் கிலோவுக்கு என்ன கணக்கிலை எடுப்பாய்?"

"எலும்பு கழிச்சுத்தான் எடுப்பன்" என்றேன். எல்லோரையும்விடக் கிழவர்தான் அதிகம் சிரித்தார்.

அரிசி வாங்க வந்த ஒரு பெண் கடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு காந்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறைவுக்குப் போனார். திரும்பி வந்து தந்தார். "தொடையிலை எண்டு சொன்னவை. எந்த இடம் எண்டு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது" என்றார். அரிசியை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணையின் நாரியிலும் வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை, துண்டு ஆழத்தில் இருந்தது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "உள்ளுக்கை சுரண்டுது" என்றார். அதோடு தீர்ந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லை.

குழாய்களைக் கழற்றி எறியும்படி அக்கா சொன்னார். அண்ணை மாட்டேன் என்றார். கடைசியில் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். காந்தம் நாரிக்குத் தூரமாகப் போனால் சரி. எல்லாவற்றையும் முன்சில்லின் இரண்டு பக்கத்துக் கவைக் கம்பிகளிலும் கட்டினார். அந்த வேலைக்கு மூன்று நான்கு நாள் போனது. கம்பி அறுந்தது, திரும்பச் சுற்றினார். அந்த நாட்களில் மீனுக்குப் போகவில்லை, வீட்டிலேயே கதிரையில் இருந்து வேலை செய்தார். நாரிப் பிடிப்பு விட்டது. எறும்பு ஊர்வதும் நின்றது.

"பாத்தீங்களோ?" என்றார் அக்கா.

"ஓம். உன்ர கதை சரி" என்றார் அண்ணை. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் அந்த ஒருமுறைதான் கேட்டேன்.

வீட்டில் இருந்ததால்தான் வலி விட்டது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கும் நியாயம் இல்லை. அந்த றோட்டில்தான் எல்லோரும் போனோம். கர்ப்பிணிகளும் போனார்கள், பிறந்த பிள்ளையும் அதால்தான் வீட்டுக்கு வந்தது. துவக்கும் செல்லும் ஆளைக் கொல்லும் என்று தெரியும், யானை கொல்லும், பாம்பு கொல்லும். றோட்டை யாரும் அந்தக் கணக்கில் வைப்பதில்லை.

முன்கவையில் குலுக்கம் இன்னும் அதிகம். கல்லில் முதலில் ஏறுவது முன்சில்லுதானே. கோடு இரண்டாக ஏறியது. அண்ணைக்குப் பயம் போய்விட்டது, காந்தம் தூரத்தில் இருக்கிறது. வலி திரும்ப வந்தபோதும் அதைப் பழைய வலியின் மிச்சம் என்றுதான் சொன்னார். இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஓடுவார். குழாய்கள் முன்னால் தாளம் போடும்.

ஒரு காலை நான் பத்தியில் இரும்பு பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோடு ஏறத் தொடங்கிய பிறகு அண்ணை ஏற்றிக் கொடுத்திருந்த அக்காவின் பழைய போன் அடித்தது. அண்ணை. அவருடைய குரலில் அவசரம் இல்லை.

"தம்பியை அனுப்பு. குளக்கட்டிலை, கலிங்குக்குக் கிட்ட இருக்கிறன். விழேல்லை, இறங்கினனான். இறங்கினால் கால் நிக்குதில்லை."

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டு ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். சைக்கிள் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. ஐஸ் உருகி மீன்தண்ணி மண்ணில் ஓடியது. காகங்கள் வந்துவிட்டன. தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, வேறு யாருடையதையோ வைப்பதுபோல, மற்றக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கிடக்குது. ஆனால் எனக்கொண்டும் சொல்லுதில்லை" என்றார். பிறகு, "போன் வேலை செய்தது பாத்தியோ" என்றார்.

ஓட்டோவுக்குப் பெற்றோல் தேடி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மத்தியானம் ஆகிவிட்டது. அதுவும் அதே கிறவல் றோட்டால்தான். பிறகு படம் எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், அங்கேயும் படம் எடுத்தார்கள். புதுப் படத்தில் துண்டின் கூர் வேறு பக்கம் பார்த்தது.

டொக்டர் ஒரு இளம் பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கதைத்தார்.

"ஐயா, என்ன வேலை?"

"மீன்."

"எதிலை போறனீங்கள்?"

"சைக்கிள்."

"எந்த றோட்டாலை?"

அண்ணை சொன்னார். டொக்டர் அந்தப் பக்கத்தைத் தெரிந்தவர்போல. "அதிலை அம்புலன்ஸே ஊர்ந்துதான் போறது" என்றார்.

அக்கா இடையில் விழுந்தார். "டொக்டர், அது காந்தத்தாலை வந்தது. குழாய்க்குள்ளை காந்தம் வைச்சு நாரிக்குப் பின்னாலை கட்டியிருந்தவர்."

டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. நான் குழாய்க் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்.

"அம்மா, அந்தக் காந்தம் இவ்வளவு ஆழத்துக்கு ஒண்டும் செய்யாது. குலுக்கம்தான். ஒவ்வொரு நாளும் இடிச்சு இடிச்சு அசைஞ்சிருக்கு. இனி அந்த றோட்டு ஆகாது. சைக்கிளே ஆகாது."

"காந்தத்தை முன்னுக்குக் கட்டினாப்போலை வலி விட்டதே?"

"அந்த நாள் அவர் ஓடினவரோ?"

அக்கா அண்ணையைப் பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. அந்தக் குழாய்களை நான் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தவன். உள்ளே கிடக்கிறது எப்படித் துள்ளும் என்று தெரியும். அக்காவுக்கு விளங்கியும் ஏற்கவில்லை. மனுசன் வீட்டுக்குள் கொண்டுவந்த ஒன்றைத் தூக்கி எறியலாம். றோட்டை எங்கே கொண்டுபோய் எறிவது?

"திரும்பப் பழைய இடத்துக்குப் போகாதோ?" என்று அண்ணை கேட்டார்.

"தானாய்ப் போகாது ஐயா. திறந்து எடுக்கவும் ஏலாது. இருக்கிறதைக் காப்பாத்துவம்."

இருந்தது வலது கால். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதிலும் பாதிப் பலம்தான். இரண்டு தடி கொடுத்தார்கள், பிறகு சில்லுக் கதிரை கொடுத்தார்கள். அந்தக் கதிரை வாசல் மணலைத் தாண்டவில்லை.

மீனுக்கு அக்கா போகத் தொடங்கினார். அதே சைக்கிள், அதே பெட்டி. விலை கூவத் தெரியாது, வாசலில் நின்று மணி அடிப்பார். தார் றோட்டால் சுற்றிப் போய்ச் சுற்றி வருவார். குழாய்களைக் கழற்ற அண்ணை விடவில்லை. அக்கா வந்து இறங்கியதும் வாசலில் இருந்தபடி கேட்பார்.

"எத்தினை கோடு?"

"ஒண்டும் ஏறேல்லை. தாராலை வந்தனான்."

ஒருநாளும் அவர் அக்காவைக் கட்டால் வரச் சொல்லவில்லை.

மழைக்கு முன்னம் நான் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால் அரித்தது. இரும்பும் சேர்ந்திருந்தது, நெளுக்குளத்துக்குப் போக வேண்டும். பைகளை ஏற்றிக் கட்டும்போது அண்ணை கூப்பிட்டார். அக்கா இல்லாத நேரம்.

"தம்பி, பெரிய ஒலிபெருக்கியிலை இருக்குமே, கோயில்லை கட்டுற பெட்டி. அந்தக் காந்தம் ஒண்டு கொண்டு வாவன்."

"என்னத்துக்கு அண்ணை?"

"பின்னாலை வைச்சு இந்தப் பக்கம் இழுத்ததெண்டால், முன்னாலை வைச்சால் அந்தப் பக்கம் வரத்தானே வேணும்."

"டொக்டர் அது காந்தமில்லை எண்டவா."

"அவா என்னை எழுப்பி நடக்கவிட்டவாவோ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அவை வெட்ட மாட்டினம். இதுக்கு வெட்டவும் தேவையில்லை. சும்மா கட்டிக்கொண்டு இருக்கிறதுதானே."

நெளுக்குளத்தில் நானாவிடம் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். இரும்புக் குவியலுக்குள் ஏறி, தேடி, சோற்றுக் கோப்பை அகலத்தில் ஒன்றை எடுத்துத் தந்தார். "இது ஒண்டும் செய்யாதுடா" என்றார். "தெரியும் நானா" என்றேன். "பின்னே ஏன் சுமக்கிறாய்?" என்று கேட்டார். பைக்குள் போட்டேன். நானா காசு வாங்கவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய சாரத்தைக் கிழித்து வயிற்றோடு சேர்த்து, துண்டு இருக்கிற இடத்துக்கு எதிரே கட்டிக்கொண்டார். அக்கா வந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டார். கட்டிய பிறகு அக்கா அவரைத் தாண்டிக் குசினிக்கும் வாசலுக்கும் போய்வரும்போது கரண்டி ஒட்டியது, சைக்கிள் பூட்டுத் திறப்பு ஒட்டியது, பாரமான அந்தச் சில்லுக் கதிரையின் கைப்பிடி ஒட்டியது. அண்ணை ஒவ்வொன்றாகப் பிடுங்கி விட்டார்.

நான் ஒரேயடியாகக் கிளம்பிய நாளில் அவர் வாசலில் இருந்தார். அக்கா மீனுக்குப் போயிருந்தார். விடை பெறக் கிட்டப் போனேன்.

"பெருவிரல் அசைஞ்சதே?" என்று கேட்டார். "இப்ப அசைஞ்சது. காலமையும் அசைஞ்சது. அவளுக்குச் சொல்லேல்லை."

சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிலத்தில் குந்தி அவருடைய காலைப் பார்த்தேன். நகத்தில் மண் இருந்தது. ஒரு எறும்பு விரல்களுக்கு மேலால் ஏறிப் போனது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, குழாயில் கம்பி சுற்றியபோது கடித்ததுபோல, காலையே பார்த்தார். நான் எறும்பு போகும் வரைக்கும் பார்த்தேன். விரல் அசையவில்லை.

"இன்னொருக்கா ஆட்டிப் பாருங்கோ அண்ணை" என்றேன்.